கருத்தரங்கில் அரை நாள் எங்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடி பக்கம் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தமிழ்வழியில் தாவரவியல் நடத்துகிறேன். செல் பாடம் வந்தால் வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, இருக்கிற ஒரே நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்ப்போம். செல்சுவரும் உட்கருவும் தெரியும். அதோடு சரி.

இந்த ஆண்டு ஐபயாலஜி காணொலிகளைக் காட்டினேன். செல் உயிரியலாளர் ரான் வேல் 2006இல் தொடங்கிய இலவசத் தொகுப்பு; ஆய்வாளர்களே பாடம் சொல்கிறார்கள். கைனெசின் என்ற புரதம் சுமையோடு, செல்லுக்குள் தண்டவாளம் போல இருக்கும் நுண்குழல்மேல் 8 நானோமீட்டர் அடிவைத்து நடப்பதைப் பார்த்த ஒரு பையன், "டீச்சர், எங்கப்பா மாதிரியே மூட்டை தூக்குது" என்றான். 1985இல் ரான் வேலும் கூட்டாளிகளும் இந்தப் புரதத்தைக் கணவாயின் நரம்பிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது. கணவாய் அவர்களுக்குக் குழம்பு! ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம். நிறுத்தி நிறுத்தி விளக்கியதில் இரண்டு பீரியட் போயிற்று.

போன வருடம் ஒரு கல்லூரியில் செல் உயிரியல் கருத்தரங்குக்குப் போனேன். படிவத்தில் பேராசிரியர், ஆய்வு மாணவர் என்று கட்டங்கள். பள்ளி ஆசிரியருக்கு இல்லை. 'பிறர்' என்று போட்டுக் கூடுதல் கட்டணம் கட்டினேன். சாப்பாடு நன்றாக இருந்தது, அது வேறு.

இந்தியச் செல் உயிரியல் சங்கத்தின் அகில இந்திய மாநாடு தமிழ்நாட்டுக்கு வரும்போதாவது அரை நாளைப் பள்ளிகளுக்கு ஒதுக்கலாம். தமிழில் பேச இரண்டு ஆய்வாளர்கள், பிள்ளைகள் கண் வைத்துப் பார்க்க ஒரு நல்ல நுண்ணோக்கி போதும். பஸ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஓர் ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்