பாரிஸில் என் மாவைக் காப்பாற்றிய அம்மையாருக்கு நன்றி

சென்ற மாதம் பாரிஸில் குரோசான் என்னும், வெண்ணெய் அடுக்குகள் கொண்ட பிரெஞ்சு ரொட்டி செய்யும் பயிற்சி வகுப்பொன்றில் கலந்துகொண்டபோது, பக்கத்து மேசையில் நின்றிருந்த, நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்ட பிரெஞ்சு அம்மையாருக்கு இந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

குளிர்ந்த மாவுக்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்தால், வெண்ணெய் 27 அடுக்குகளாகிவிடும். கணக்கு எளிதுதான். ஆனால், சப்பாத்தி தேய்த்துப் பழகிய என் கை கட்டையை அழுத்திய வேகத்தில், இரண்டாவது மடிப்பிலேயே மாவு கிழிந்து, இளகிய வெண்ணெய் மேசையில் ஒட்டிக்கொண்டது. ஆசிரியரோ மறுகோடியில் இருந்தார். தம் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்த அந்த அம்மையார், கிழிசலின்மேல் ஒரு சிட்டிகை உலர்மாவைத் தூவி, அதிகப்படியானதைத் தூரிகையால் தட்டிவிட்டு, மாவைச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் 20 நிமிடம் வைக்கச் செய்தார். பிறகு, கட்டையை உருட்டாமல், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை சிறுசிறு பள்ளங்களாக அழுத்திக்கொண்டே போகும்படி, என் கைகளின்மேல் தம் கைகளை வைத்தே கற்றுத்தந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'மெர்சி' (நன்றி) ஒன்றுதான். அதையே பத்து முறையாவது சொல்லியிருப்பேன்.

வெந்தபின் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். கிழிந்த பக்கம் மட்டும் ரொட்டிபோல் இறுகியிருக்க, மற்றப் பகுதி தேன்கூடாக விரிந்திருந்தது. அம்மா, அந்த நல்ல பாதி தங்களுடையது.