மார்ச் கடைசியில் வரும் நோட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஆறு வருடமாக மாலைப் படிப்பகம் ஒன்றை நடத்தி வருகிறோம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள்தான் வருகிறார்கள். உள்ளூரிலேயே பி.எட். முடித்த ஒரு பெண் பாடம் நடத்துகிறார், மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறோம். அப்புறம் கொட்டகை வாடகை, கரண்ட் பில், சாக்பீஸ். செலவு இவ்வளவுதான். இதற்குத்தான் மாதாமாதம் ஆள் ஆளாகப் போய்க் கேட்டு நிற்கிறோம்.

போன மார்ச் 28ஆம் தேதி பக்கத்து டவுனிலிருந்து ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். பேனர் கட்டினார்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அட்டையில் நிறுவனர் படம் போட்ட நோட்டுகளை ஆளுக்கு ஆறு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளிக்கூட வருடமே முடியப்போகிற நேரம் அது, எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள், அங்கே நோட்டு விலையில்லாமலே கிடைத்துவிடுகிறது. அதே நாளில் எங்கள் டீச்சருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வந்தவரிடம் கேட்டேன், "நோட்டுக்குப் பதிலா டீச்சர் சம்பளத்துக்குக் குடுத்தா உதவியா இருக்குங்கய்யா" என்று. "சம்பளத்துக்கெல்லாம் குடுக்கிறதில்லம்மா, பொருளா குடுத்தாத்தான் பில்லு, போட்டோ எல்லாம் சரியா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது மனதில் கிடந்து உறுத்தியதால் ஒரு ஆடிட்டரிடம் போய் விவரம் கேட்டேன். வருமான வரி விலக்கு பெற்ற அறக்கட்டளை ஒரு வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடத்துக்குள் அறப்பணிக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் செலவழிக்க ஒதுக்கி வைப்பதாக வரித் துறைக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு முடிகிற நாள் மார்ச் 31. அதனால்தான் பையும் நோட்டும் தையல் மிஷினும் அந்த மாதத்தில் வந்து குவிகின்றன. இன்னொரு பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தாலோ, 2023 பட்ஜெட்டில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, 100 ரூபாயில் 85 ரூபாயைத்தான் வரித் துறை செலவாக எடுத்துக்கொள்கிறது.

கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் எங்கள் பக்கமே வராது. 2021 ஏப்ரலிலிருந்து அதைச் செலவழிக்கும் அமைப்பு அரசிடம் பதிந்து தனி எண் வாங்கியிருக்க வேண்டும், வருமான வரித் துறையில் வரி விலக்குப் பதிவு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கிற பதிவு இரண்டும் வேண்டும், கம்பெனியே தொடங்காத வெளி அமைப்பு என்றால் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற பெரிய தொண்டு நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் 2020 சட்டத் திருத்தத்தோடு நின்றுபோனது. சரி, நாங்களே சங்கமாகப் பதிவு செய்யலாமே என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம்தான், ஆனால் அதற்கப்புறம் வருடா வருடம் தணிக்கை, கணக்குத் தாக்கல். அதற்கு ஆகிற பணத்தில் எங்கள் படிப்பகம் ஓரிரு மாதம் ஓடிவிடும்.

உள்ளூர் அறக்கட்டளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் கையில் பணமே தர வேண்டாம். வாடகையைக் கொட்டகைக்காரர் கணக்குக்கும், டீச்சர் சம்பளத்தை அவர் கணக்குக்கும் மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்தே நேராக அனுப்புங்கள். அது நீங்களே செய்கிற அறப்பணிச் செலவு, இப்படிச் செய்யலாம் என்று அந்த ஆடிட்டரே சொன்னார், உங்கள் ஆடிட்டரையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு, ரசீது எல்லாம் நாங்கள் மாதம் தவறாமல் தருகிறோம். ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் மூன்று வருடத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த மாதம் சம்பளம் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை நாள் வந்து பாடம் நடத்துவார்? முன்பு இருந்த டீச்சர் அப்படித்தான் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார், அந்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இது நம் ஜில்லாவுக்குப் புதிய யோசனையும் இல்லை. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள், அது பள்ளிக்கூடத்துக்குப் போகும். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள், அதிலும் பள்ளிக்கூடங்கள் வளர்ந்தன. கொடுத்தது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் கொடுத்தார்கள்.

எங்களுக்குக் கொடுக்க நினைக்கிற அறக்கட்டளை எதுவானாலும் முதலில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பாருங்கள். ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே பாயில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு நோட்டு ஜன்னலோரம்தான் இருக்கும், எடுத்துப் புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மாலைப் படிப்பகப் பொறுப்பாளர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.