தரங்கம்பாடி ஸ்டேஷனுக்கு டிக்கெட் தேடுகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் விடுதிக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "தரங்கம்பாடி ஸ்டேஷனிலிருந்து உங்கள் இடம் எவ்வளவு தூரம்?" இதற்கு எங்கள் ஆட்கள் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது போன மாதம்தான் எங்களுக்கே தெரிந்தது. திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்குச் சதாபிஷேகம் செய்ய வந்த ஒரு குடும்பம், எங்கள் பையன் போனில் சொன்னதை நம்பிக் காரைக்காலில் இறங்கி நிற்கிறது, நாங்கள் அனுப்பிய கார் மயிலாடுதுறை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. எண்பது வயதுப் பெரியவர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். தப்பு முழுக்க எங்களுடையது. அவர்களிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டோம். மற்றவர்களுக்கு இப்படி ஆகக் கூடாது என்றுதான் இந்த மடல்.

முதலில் பதில்: தரங்கம்பாடியில் இப்போது ரயில்வே ஸ்டேஷன் இல்லை. இருந்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை 1926-இல் வந்தது, 1986-இல் மூடினார்கள். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், அதற்கப்புறம் நாங்கள், அதோடு தண்டவாளம் முடிந்தது, மேலே போனால் கடல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக அறுபது வருஷம். ஊர் உலகமெல்லாம் வந்து மணிவிழா கொண்டாடும் திருக்கடையூர் வழியாக ஓடிய ரயிலுக்கு அறுபதாவது வயதில் மூடுவிழா நடத்தினார்கள் என்று எங்கள் அப்பா சொல்லாத நாள் இல்லை.

அவர் மன்னம்பந்தல் கல்லூரிக்கு அந்த ரயிலில்தான் போய்வந்தார். கடைசிப் பெட்டியில் மீன் கூடைகள், அதற்கு முந்தின பெட்டியில் கல்லூரிப் பையன்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் முன்னால் போய் ஏறிக்கொள்வார்களாம், சட்டையில் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று. கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் பெட்டியின் பலகை இடுக்கில் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அதைக் காலால் தேய்த்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தேன் என்பார். பஸ் பெருகியது, ரயிலில் வருமானம் இல்லை என்றார்கள், நிறுத்திவிட்டார்கள். திரும்ப வருமா என்று கேட்காதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் ஊருக்கு ரயில் வரும், பேச்சில். காரைக்கால்–பேரளம் பாதையையும் எண்பதுகளில்தான் மூடினார்கள், அங்கே மறுபடி தண்டவாளம் போட்டாகிவிட்டது, அதைப் பார்த்தால் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஆசையை நம்பி நீங்கள் டிக்கெட் எடுக்க முடியாது.

சரி, எப்படி வருவது?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் மயிலாடுதுறை ஜங்ஷனுக்கு எடுங்கள். ஊர்ப்பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் ஸ்டேஷன் குறியீடு இன்னும் எம்.வி.தான், மாயவரத்தின் மிச்சம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ராத்திரி ரயில் என்றால் உழவன் எக்ஸ்பிரஸ், அதில் ஒரு சிக்கல், விடியுமுன்னே கொண்டுவந்து இறக்கிவிடும். பகலில் வருவதானால் சோழன் எக்ஸ்பிரஸ், காலையில் எழும்பூரில் ஏறினால் மத்தியானம் இங்கே. குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் சோழனில் வாருங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது எல்லோரும் விழித்திருப்பீர்கள்.

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து ஆட்களுக்குக் காரைக்கால்தான் வசதி. எர்ணாகுளத்திலிருந்து வரும் ரயில் அங்கேதான் வந்து முடிகிறது. அங்கிருந்து நாங்கள் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். நாகூர், வேளாங்கண்ணி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் அதுவே வழி. ஒரே ஒரு விஷயம், காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே "அது" விலை குறைவு, நடுவில் சோதனைச் சாவடி இருக்கிறது. பையில் பாட்டிலோடு மாட்டிக்கொண்டு அங்கிருந்து எங்களுக்குப் போன் செய்தால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வரும் மாதம் முதல் தேதியிலிருந்து வண்டி ஏற்பாட்டையும் மாற்றுகிறோம். இதுவரை இரண்டு நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கு ஸ்டேஷன் கார் இலவசம் என்று சொல்லிவந்தோம். நிஜத்தில் அது இலவசம் இல்லை, அறை வாடகையில் அந்தக் காசு ஒளிந்திருந்தது, சொந்த வண்டியில் வந்தவர்களும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அறை வாடகையில் நாளொன்றுக்கு 150 ரூபாய் குறைத்துவிட்டு, காருக்குத் தனியாக வாங்குகிறோம்: மயிலாடுதுறையிலிருந்து 1,200, காரைக்காலிலிருந்து 700. அது முழுக்க டிரைவருக்குப் போகிறது, நடுவில் எங்களுக்குப் பங்கு கிடையாது. கார் வேண்டாம் என்றால் மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் பொறையார் பஸ் பிடியுங்கள். அது பழைய ரயில் நின்ற ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வரும், அப்பாவின் ரயிலுக்கு இப்போதைக்கு அதுதான் வாரிசு.

விடியற்காலை நாலு மணிக்கு வந்து அறை கேட்கிறவர்கள் விஷயம். எங்களிடம் இருப்பது ஆறு அறை. முந்தின நாள் விருந்தினர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது அவரை எழுப்பி அனுப்ப முடியாது, அறை பதினோரு மணிக்குத்தான். ஆனால் கேட் திறந்திருக்கும், திண்ணையில் பாய், தலையணை, மின்விசிறி உண்டு, குளிக்கத் தனி இடம் உண்டு, நாலரைக்குக் காபி. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் வந்தவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். எங்களுடையது கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து வருகிறது. டான்ஸ்போர்க் கோட்டை 1620-இலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, அதில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்கள் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பாசி வழுக்கும். குளிக்கவும் இறங்காதீர்கள், பார்க்க அமைதியாக இருக்கும், காலை இழுக்கும். 2004 சுனாமியில் எங்கள் மீனவர் தெருக்கள் பட்டது ஊருக்கு மறக்கவில்லை.

இங்கே ஓசோன் காற்று அதிகம், அதைச் சுவாசித்தால் ஆயுசு கூடும் என்று பல இடங்களில் படித்துவிட்டு வந்து கேட்கிறீர்கள். நாங்கள் அப்படி விளம்பரம் செய்ததில்லை, செய்யவும் மாட்டோம். ஓசோன் மேலே வானத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது, மூக்குப் பக்கம் வந்தால் கெடுதல் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். கடல் காற்று நன்றாக இருக்கிறது, வந்து படுத்தால் தூக்கம் வருகிறது, அதற்கு மேல் நாங்கள் சொல்ல மாட்டோம்.

சாப்பாட்டில் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த நாட்களில் நாட்டுப் படகுக்காரர் கொண்டுவருவது கிடைத்தால் மீன், இல்லையென்றால் இல்லை. "கடற்கரையில் இருந்துகொண்டு வஞ்சிரம் இல்லையா?" என்று கோபித்துக்கொள்கிறீர்கள். ஐஸில் கிடந்ததை வாங்கிவந்து புதுசு என்று போட எங்களுக்குத் தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை. சதாபிஷேகம், மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தனி அடுப்பில் சைவச் சமையல் எப்போதும் உண்டு, இரண்டு நாள் முன்னால் எத்தனை பேர் என்று சொன்னால் போதும்.

இனி முன்பதிவு செய்ததும் எங்களிடமிருந்து உங்களுக்கு ஒரு வாட்ஸப் செய்தி வரும். எந்த ஸ்டேஷன், எந்த ரயில், எந்தப் பெட்டி, எத்தனை பேர், பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா, இந்த ஐந்துக்கும் பதில் போடுங்கள். பதில் வராவிட்டால் டிரைவர் கிளம்ப மாட்டார், நாங்களே உங்களைக் கூப்பிடுவோம். ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் சிதம்பரம் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், பாலைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுவோம்.

இப்படிக்கு,
விடுதிக்காரர்கள்,
தரங்கம்பாடி