ரூட் கடவுச்சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

எங்கள் நிறுவன நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய் இரவு என் கையால் வாடிக்கையாளர் கணக்குகள் அழிந்தது உங்களுக்குத் தெரியும். 'ஊழியர்கள் இனி கவனமாக இருக்கவும்' என்ற உங்கள் சுற்றறிக்கையும் கிடைத்தது. அன்றும் கவனமாகத்தான் இருந்தேன். அதனால்தான் இந்த மடல்.

இரவு 2 மணி. திரையில் அடுத்தடுத்து, கட்டளை தட்டும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று சோதனை சர்வர், மற்றொன்று வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கும் சர்வர். இரண்டிலும் ஒரே நிறம், ஒரே எழுத்து. சோதனைத் தரவை அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். ஒரு நொடியில் முடிய வேண்டியது முடியவில்லை. அப்போதுதான் சர்வரின் பெயர் கண்ணில் பட்டது. 'நிச்சயமாகவா?' என்று இயந்திரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரூட்டாக, அதாவது எதையும் செய்யும் முழு அதிகாரம் கொண்ட கணக்கில், நுழைந்தவனை அது எதுவும் கேட்காது.

சனிக்கிழமை எடுத்த பேக்கப் நகல் இருந்ததால் பிழைத்தோம். அதற்குப் பின் வந்த பணத்தையெல்லாம் கணக்குப் பிரிவு அக்கா ரசீதுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரும்பப் பதிந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை.

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்லேப்பின் கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். 2017 ஜனவரி 31 இரவு, துணை டேட்டாபேஸ் என்று நினைத்து ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸை அழித்தார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப் ஓடவே இல்லை என்பதும், அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல் கைகொடுத்தது. அவர்கள் நடந்ததை மறைக்காமல் ஊருக்கே சொன்னார்கள். நாம் சுற்றறிக்கை விட்டோம்.

நம் அலுவலகத்தில் ஒரு பெட்டி பேனா வாங்க மூன்று கையெழுத்து வேண்டும். எல்லாக் கணக்கையும் அழிக்க ஒன்றும் வேண்டாம். அந்தக் கடவுச்சொல் ஏழு பேருக்குத் தெரியும். அதில் இருவர் வேலையை விட்டே போய்விட்டார்கள். யார் எதைச் செய்தார் என்று சர்வரின் பதிவேட்டில் தேடினால் எல்லோர் பெயரும் 'ரூட்'தான். நானே வந்து சொல்லியிராவிட்டால் இன்னும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: ரூட் கடவுச்சொல்லை மாற்றுங்கள், புதியதை என்னிடம் தராதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு அனுமதியும் போதும். எதையாவது அழிப்பதென்றால் இன்னொருவர் பார்த்துச் சம்மதிக்கட்டும்.

இன்றும் எனக்குத்தான் இரவுப் பணி. 8 மணிக்குள் வாங்கிக்கொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
செவ்வாய் இரவு பணியில் இருந்தவன்