தண்ணீரில் இறங்காத படகு வகுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

படகு வாங்குகிறவர்கள் என்ஜினின் குதிரைத்திறனை விசாரிக்கிற அளவுக்குப் பயிற்சி வகுப்பை விசாரிப்பதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் தொடக்கநிலைப் படகுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் சேர்ந்தது ஆன்லைன் பாடத்தில். விதிகளைப் படிக்க அது போதும். இரண்டு மோட்டார் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வரும் படகு நமக்கு வலப்பக்கத்தில் இருந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்வது இதைத்தான். தேர்விலும் நல்ல மதிப்பெண். சரி, கற்றாயிற்று என்று நினைத்தேன்.

அப்புறம் தண்ணீரில் இறக்கிப் பழக்கும் வகுப்புக்குப் போனபோதுதான் சாயம் வெளுத்தது. கரையில் அரை நிமிடத்தில் மாட்டிய லைஃப் ஜாக்கெட்டை மிதந்துகொண்டே மாட்ட முடியவில்லை. வாரைத் தேடுவதற்குள் மூச்சு வாங்கியது. அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அதை இருக்கைக்கு அடியில் செருகும் பழக்கம் அன்றோடு போயிற்று. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் என்ஜினை நிறுத்திவிடும் அந்தச் சின்னக் கயிற்றின் அருமையும் அங்கேதான் புரிந்தது. நீரில் விழுந்தவரை மீட்கும் பயிற்சியில், ஆளுக்குப் பதிலாகப் போட்ட மிதவையை மூன்றாவது முறைதான் என்னால் எட்டிப் பிடிக்க முடிந்தது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: தண்ணீரில் பயிற்சி உண்டா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? சான்றிதழ் உங்கள் பகுதியில் செல்லுமா? முதல் கேள்விக்கே மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்