கட்டைவிரலுக்கு எண் இல்லாத காலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளின் பியானோ வகுப்புகள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பழைய பாடப்புத்தகங்களை இனிமேல் யார் பார்க்கப்போகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் பார்க்கிறேன்.

பல வருஷம் முன்னால் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இங்கிலாந்துப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எந்த விரலால் வாசிப்பது என்று சுரங்களுக்குப் பக்கத்தில் எண் போட்டிருப்பார்கள், இன்றைய முறையில் 1 என்றால் கட்டைவிரல். அதை நம்பி, 1 என்று போட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை வைத்து ஒரு வாரம் வாசித்ததில் கை சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அப்புறம்தான் நடுநடுவே இருந்த சின்னக் கூட்டல் குறிகள் கண்ணில் பட்டன. அந்தக் கால ஆங்கிலேய முறையில் கட்டைவிரலுக்கு எண்ணே கிடையாது, வெறும் குறிதான். 1, 2 எல்லாம் சுட்டுவிரலிலிருந்து ஆரம்பம். 1801இல் லண்டனில் வந்த, பியானோ கலைஞர் கிளெமென்டியின் பாடநூலிலும் இதே கணக்குதான்.

அன்றிலிருந்து நூலகங்களின் ஸ்கேன்களைத் தேடிப் பார்க்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் தன் ஒன்பது வயது மூத்த மகனுக்காக 1720இல் தொடங்கிய நோட்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அதில் ஒரு குட்டிப் பாடத்துக்கு அவரே விரல் எண் போட்டிருக்கிறார், இங்கே இன்றைய மாதிரியே கட்டைவிரல்தான் 1. வலது கை மேலே ஏறும்போது 3, 4, 3, 4 என்று நடுவிரலும் மோதிரவிரலும் மாறி மாறி ஓடுகின்றன, கட்டைவிரல் சும்மா கிடக்கிறது. என் மாணவி இப்படி வாசித்தால் நானே திட்டுவேன்! இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753இல் எழுதிய புத்தகத்தைப் புரட்டினால் காரணம் தெரிகிறது: அப்பா சிறுவயதில் கேட்ட பெரிய வித்வான்கள், ரொம்ப தூரம் எட்ட வேண்டியிருந்தால் ஒழிய, கட்டைவிரலைப் பயன்படுத்தவே மாட்டார்களாம். பின்னாளில் பியானோ ஆசிரியராகப் பேர் வாங்கிய செர்னிக்கு, அவர் சிறுவனாக இருந்தபோது, பாடம் எடுக்க பேத்தோவன் வாங்கிவரச் சொன்னதும் இதே புத்தகத்தைத்தான்.

புதுப் பதிப்புகளில் விரல் எண்களை இன்றைய முறைக்கு மாற்றிவிடுவார்கள், அதனால் இதெல்லாம் பழைய பிரதியில்தான் மிஞ்சும். பென்சில் கிறுக்கல் இருக்கிறதே என்று நூலகங்கள் தயவுசெய்து அவற்றை எடைக்குப் போட வேண்டாம். என்னிடமுள்ள கிழிந்த புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் யாரோ ஒரு டீச்சர் கூட்டல் குறியை அடித்துவிட்டு, தாள் பொத்துக்கொள்ளும் அளவுக்கு அழுத்தி, 1 என்று எழுதிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை