சிமிகோட்டில் விட்டுவந்த பை

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

இங்கே யாவரும் நலம். உமது கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர் மலையில் கால் முறிந்து கிடந்தவரை ஏற்ற வந்த ஹெலிகொப்டர் உடனே இறங்காமல் இரண்டு தரம் சுற்றியதென்று சினந்து எழுதியிருந்தீர். சென்ற ஆனியில் கயிலை யாத்திரை போயிராவிட்டால், நானும் உம்மோடு சேர்ந்து அந்த விமானியைத் திட்டியிருப்பேன்.

நேபாளத்துச் சிமிகோட்டிலிருந்து திபெத் எல்லையிலுள்ள ஹில்சாவுக்கு எங்களை ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். அதன் இரைச்சல் கேட்டதும் மனைவி என் கையை இறுகப் பற்றினாள். பங்கருக்குள் ஓடிய காலத்துப் பழக்கம் அவளை இன்னும் விடவில்லை. எங்களையும் பைகளையும் சந்தையில் வெங்காயம் நிறுப்பதுபோல் நிறுத்தார்கள். ஏறி அமர்ந்த பின், ஹெலிகொப்டர் நாலடி உயரம் எழுந்து அப்படியே நின்றது. விமானியின் பார்வை வெளியே இல்லை, முன்னாலிருந்த ஒரு மானியில் இருந்தது. சில விநாடிகளில் மீண்டும் தரையில் வைத்து, ஒரு பையை இறக்கச் சொன்னார். இறங்கியது என்னுடைய பை.

அப்போது எனக்கு மனத்தாங்கல்தான். பிறகு யோசித்தபோது, நாற்பது வருடம் பௌதிகம் படிப்பித்த எனக்கு அது முன்பே விளங்கியிருக்க வேண்டும் என்று வெட்கமாயிருந்தது. ஹில்சா ஏறக்குறைய 3,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி நம் பண்ணைக் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவுதான். ஹெலிகொப்டரின் விசிறி பிடித்துத் தள்ளுவதற்குக் காற்றுக் குறைவு, இயந்திரம் உள்ளிழுப்பதற்கும் குறைவு. வெயில் ஏறினால் இன்னும் ஐதாகிவிடும். தரையை அண்டி நிற்கும்போது கீழே தள்ளப்படும் காற்றுக்குத் தரை தடையாயிருப்பதால் குறைந்த வலுவே போதும். ஆனால் சரிவான இடத்தில் அந்த ஆதரவை நம்ப முடியாது. ஆகவே புறப்படும் இடத்திலேயே, எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

கர்ணாலி ஆற்றுப் பள்ளத்தாக்கில் எங்கள் விமானி நடுவே பறக்காமல் ஒரு பக்க மலையை ஒட்டியே போனார். காற்று மோதி மேலெழும் பக்கம் ஹெலிகொப்டரைத் தூக்கிக் கொடுக்கும், மறுபக்கத்தில் இறங்கும் காற்று அமுக்கும். அதோடு, திரும்ப நேர்ந்தால் பள்ளத்தாக்கின் முழு அகலமும் கையில் இருக்கும். உமது விமானி சுற்றியதும் வீணுக்கல்ல. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, குறுக்கே கம்பிகள் உண்டா, இறங்க முடியாமற்போனால் எந்தச் சரிவுப் பக்கம் விலகுவது என்பதையெல்லாம் மேலிருந்தே முடிவுசெய்ய வேண்டும். பனி கிடந்திருந்தால் விசிறிக் காற்று அதைக் கிளப்பித் தரையையே மறைத்துவிடும். அப்போது கண்ணை ஊன்றுவதற்கு ஒரு பாறையையாவது முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும்.

2005 மே 14 அன்று திதியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகொப்டரை இறக்கி, 3 நிமிடம் 50 விநாடி நின்றார். பெரிய சாதனைதான். ஆனாலும் என் மனதில் நிற்பவர் நேபாள இராணுவத்து மதன் கத்ரி செத்ரி. 1996 மே மாதம், எவரெஸ்டின் பனியருவிக்கு மேலே, ஏறக்குறைய 6,000 மீற்றர் உயரத்தில், உறைபனியால் கைகால் கருகிய இருவர் காத்திருந்தார்கள். இருவரையும் ஒன்றாகத் தூக்க ஹெலிகொப்டருக்கு வலு போதாது. முதலில் ஒருவரைக் கீழே கொண்டுபோய்விட்டு, மற்றவருக்காக அதே இடத்துக்கு மறுபடியும் போனார். ஒருமுறை தப்பி வந்த இடத்துக்குத் தெரிந்துகொண்டே திரும்பிப் போவதை நினைத்துப் பாரும்.

திரும்பி வந்தபோது என் பை சிமிகோட்டில் பத்திரமாக இருந்தது. உள்ளே இருந்த பனங்கட்டிக் குட்டானைத்தான் காணவில்லை. உமக்கென்று இப்போது புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஆவணியில் வரும் உமது தங்கையிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உமது பழைய வகுப்புத் தோழன்